குனிதலும் பணிதலும்

மரியாதை மனதில் இருந்தால் போதாதா, உடம்பும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டுமென்றால் அந்த உடம்பு எவ்வளவு தூரம் வளையலாம்? பல இனத்தவரோடும் கலந்து வாழும் முஸ்லிம் ஆசிரியர் ஒருவருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. வருடத்தில் சில நாட்களில் அது நேராக அவருடைய காலடிக்கே வந்து சேர்கிறது.

நாவலப்பிட்டிப் பகுதியில் சிங்கள மொழிமூல வகுப்புகளும் தமிழ் மொழிமூல வகுப்புகளும் ஒன்றாக நடந்த பாடசாலையொன்றில் சில ஆண்டுகள் கடமையாற்றினேன். ஆசிரியர் தினத்தன்று சிங்களப் பிள்ளைகள் வெற்றிலையோடு வருவார்கள். இரு கைகளாலும் அதைத் தந்துவிட்டு முழந்தாளிட்டுக் குனிந்து கும்பிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எமது பிள்ளைகள் ஸலாம் சொல்லிக் கைகொடுப்பார்கள். ஒரே காலைப்பொழுதில் மூன்று விதமான மரியாதைகள். மூன்றிலும் இருந்தது ஒரே அன்புதான். "வேண்டாம்" என்று காலை இழுத்துக்கொண்டால் பிள்ளையின் முகம் வாடிவிடும். நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டு, குனியத் தொடங்கும்போதே தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவேன். பிள்ளையின் மனமும் நோகாது, என் மனமும் உறுத்தாது.

இது வணக்கத்தைப் பெறுகிறவனின் நிலை. வணங்கச் சொல்லப்படுகிறவனின் நிலை வேறு.

சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனின் வாப்பா என்னிடம் வந்தார். மகன் நகரத்தில் கராத்தே வகுப்பில் சேர ஆசைப்படுகிறான். "அங்க ஒரு போட்டோ ஈக்காம், ஸேர். அதுக்குக் குனியோணுமாம். அனுப்பலாமா?" என்று கேட்டார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னார். "அதோட, எங்கட புள்ள அடிக்கப் பழகுறான்டு ஊருல பேச்சு வரப்படாது."

முதற்கேள்வி மார்க்கத்தைப் பற்றியது. இரண்டாவது அச்சத்தைப் பற்றியது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் எமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைக் கண்டி மாவட்டத்து முஸ்லிம் எவரும் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21இல் நடந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் எமது இளைஞர்களின் அசைவு ஒவ்வொன்றும் சந்தேகத்தோடு நோக்கப்பட்டதையும் மறக்கவில்லை. ஆகவே அந்த மனிதரின் கேள்வியைச் சின்ன விடயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தன் மகன் பிறருடைய கூடத்துக்குள் போகும்போது தன் ஈமானையும் இழக்கக்கூடாது, அங்குள்ளவர்களின் நம்பிக்கையையும் இழக்கக்கூடாது என்று அவர் தவிக்கிறார். இலங்கை முஸ்லிம் சமூகம் முழுவதும் இன்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

பயிற்சிக்கூடத்தை யப்பானியர் 'டோஜோ' என்கின்றனர். 'வழியைப் பயிலும் இடம்' என்பது அதன் சொற்பொருள். ஆனால் அதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. புத்தர் ஞானம் பெற்ற போதிமரத்தடியைக் குறிக்கும் 'போதிமண்ட' என்ற வடசொல்லைச் சீனர் மொழிபெயர்த்தனர். அந்தச் சொல்லே யப்பானுக்குச் சென்று டோஜோ ஆனது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தமது கூடத்தைத் தொடங்கியதும் டோக்கியோவில் ஒரு பௌத்த ஆலயத்தில்தான். இடம் சிறியது. பன்னிரண்டு பாய்கள் விரிக்கலாம், அவ்வளவே.

ஆயினும் கானோவை நான் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறேன். அவர் பல்லாண்டு காலம் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். ஒக்கினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோவுக்கு வந்து அங்கே கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷியும் நீண்ட காலம் பாடசாலை ஆசிரியராக இருந்தவரே. இன்று உலகெங்கும் பழகப்படும் இந்த இரண்டு கலைகளுக்கும் இன்றைய வடிவத்தைக் கொடுத்ததில் பெரும்பங்கு இரண்டு வாத்தியார்மாருடையது. கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிய வேண்டும் என்பது ஃபுனகோஷியின் முதல் பாடம்.

அதற்காகத் தற்காப்புக் கலை எமக்கு அந்நியமானது என்று எண்ணிவிடலாகாது. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதும், ஆயிஷா (ரழி) அவர்கள் அதைப் பார்த்து நின்றதும், தடுக்க முனைந்த உமர் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் புஹாரியில் பதிவாகியுள்ளன. எமது கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் பொல்லடியும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவை. அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் வயது முதிர்ந்த ஓர் அண்ணாவியார் கம்பு சுழற்றியதைக் கண்டிருக்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் அவர் வைத்த வரிசைக்குப் பெயர் 'சலாவரிசை'. ஸலாம் என்ற சொல் தமிழனின் சிலம்பத்துக்குள்ளே போய்க் குந்தியிருக்கிறது! அவர் நெஞ்சிலும் நெற்றியிலும் கையை வைத்து, சுற்றி நின்ற சபைக்கு மரியாதை செலுத்தினார். முதுகு வளையவில்லை. மரியாதையில் குறைவும் தெரியவில்லை.

மாணவனின் வாப்பாவுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் மதிப்பீட்டுக்காகக் கண்டியில் தங்க நேர்ந்தது. தங்கியிருந்த இடத்துக்கு அண்மையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் மாலை வேளைகளில் கராத்தே வகுப்பு நடந்தது. இளவயதில் நாவலப்பிட்டியில் மூன்று வருடங்கள் கராத்தே பழகியவன் நான். அது பாடசாலை மண்டபமொன்றில் நடந்த வகுப்பு. சுவரில் படமொன்றும் இருக்கவில்லை. கண்டியில் நான் கண்டது உண்மையான டோஜோ. வாசலில் செருப்புகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. எதிர்ச்சுவரில் ஆதி ஆசானின் படம். அதற்குப் பக்கத்தில் சின்னத் தட்டொன்றில் புத்தர் சிலை.

வகுப்பு தொடங்குமுன்னரே அங்கிருந்த சிங்கள ஆசிரியரிடம் போனேன். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்பதைச் சொல்லி, ஒரு நாள் உங்களோடு பழகலாமா என்று கேட்டேன். பிறகு, "படத்துக்கு முன் நான் குனிவதில்லை. அது எங்கள் மார்க்கத்து ஒழுங்கு. உங்கள் பிள்ளைகளுக்கு அது தவறான முன்மாதிரி ஆகுமென்றால் சொல்லுங்கள், வெளியே இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றேன். அவர் சற்று யோசித்தார். "கடைசி வரிசையில் நில்லுங்கள், ஸேர். அவர்கள் குனியும்போது நீங்கள் நிமிர்ந்து நில்லுங்கள். ஆனால் சும்மா நிற்காதீர்கள், அமைதியாக நில்லுங்கள்" என்றார். சும்மா நிற்பதற்கும் அமைதியாக நிற்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லத் தெரிந்த அந்த மனிதர் நல்ல ஆசிரியர்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே மூன்று வணக்கங்கள் நடந்தன. முதலாவது முன்சுவரை நோக்கி. இரண்டாவது ஆசிரியருக்கு. மூன்றாவது ஒருவருக்கொருவர். பெரும்பாலான டோஜோக்களில் இதுதான் ஒழுங்கு. மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் எமக்குள் இத்தனை குழப்பமும் வருகிறது என்று நினைக்கிறேன். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது வணக்கத்தைப் பற்றி எமது சமூகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, இதெல்லாம் ஷிர்க்கின் வாடை, அந்தப் பக்கமே போகாதே என்கிறது. மற்றக் கட்சி, இது வெறும் உடற்பயிற்சி, குனிந்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்கிறது. இரண்டாவது கட்சி தாராள மனம் உடையது போலத் தோன்றும். எனக்கு அதுவே அதிக மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. பிறர் மதிப்போடு வைத்திருக்கும் ஒன்றின் முன் மதிப்பில்லாமல் குனிவது அவர்களை ஏமாற்றுவது அல்லவா?

கண்டி மண்ணிலேயே இதற்கொரு வரலாற்றுச் சாட்சி உண்டு. 1762இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் தூதராகச் சென்னையிலிருந்து ஜோன் பைபஸ் என்பவர் கண்டிக்கு வந்தார். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னனின் சபையில் அவர் முழந்தாளிட வேண்டியிருந்தது. முழந்தாளிட்டார். ஆனால் அதைத் தமக்கு நேர்ந்த சிறுமையாகவே எழுதிவைத்தார். மன்னனுக்குக் கிடைத்தது ஒரு முழங்கால் மட்டுமே. ஐம்பத்து மூன்று வருடங்கள் கழித்து, 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மனமில்லாத வணக்கத்தை வாங்கிக்கொள்பவர் எதையும் பெறுவதில்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. ஜூடோப் போட்டிகளில் பாய்க்கும் கானோவின் படத்துக்கும் குனியச் சொல்வது தமது சமய உணர்வுக்கு மாறானது என்று சில விளையாட்டு வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2002இல் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், அந்த விதியில் சமயப் பாகுபாடு இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். விதியை வகுத்தவர் என்ன கருதினார் என்பதை நீதிபதி தீர்மானிக்கலாம். குனிகிறவனின் உள்ளத்தில் அது என்னவாக இருக்கிறது என்பதை அவனைத் தவிர எவரும் தீர்மானிக்க முடியாது.

எமது மரபில் வழி தெளிவாகவே இருக்கிறது. ஷாம் தேசத்துக்குப் போய்வந்த முஆத் (ரழி) அவர்கள், அங்கே மக்கள் தம் மதத் தலைவர்களுக்குச் செய்தது போல நபி (ஸல்) அவர்களுக்கு ஸுஜூது செய்தபோது, அவர்கள் அதைத் தடுத்துவிட்டார்கள். சகோதரனைச் சந்திக்கும்போது குனியலாமா என்று ஒருவர் கேட்டதற்கு இல்லை என்றும், கையைப் பிடித்து முஸாபஹா செய்யலாமா என்று கேட்டதற்கு ஆம் என்றும் அவர்கள் பதிலளித்ததாகத் திர்மிதியில் வருகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குனிவது மறுக்கப்பட்ட அதே இடத்தில் கைகொடுப்பது அனுமதிக்கப்படுகிறது. கதவொன்று மூடப்படும்போதே இன்னொன்று திறக்கப்படுகிறது. எம்மில் பலர் மூடிய கதவை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அந்தத் திறந்த கதவு எவ்வளவு அகலமானது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதில் கேள்வி கேட்டார்கள். நிமிர்ந்து நிற்பதும் மரியாதைதான். கண்டி ஆசிரியர் சொன்ன 'அமைதியாக நிற்றல்' அதுவே என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது வணக்கம் ஆசிரியருக்கு உரியது. இதில் எனக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு, ஏனென்றால் நானும் ஆசிரியன். குனியும் மாணவனைவிடக் குனிவதை எதிர்பார்க்கும் ஆசிரியனுக்கே அதில் அதிக ஆபத்து. நாளடைவில் அவனுக்கு அது பழகிவிடும். பிறகு அவனிடம் கேள்வி கேட்பதும் மரியாதைக் குறைவாகிவிடும். முதுகு வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். 'இவர் சொன்னால் பிழையாகாது' என்று ஒருமுறை வளைந்த புத்தியை நிமிர்த்துவது கடினம். தலை நிமிர்ந்து நின்றுகொண்டே ஒரு தலைவருக்கோ, ஒரு ஷெய்குக்கோ, ஓர் அரசியல்வாதிக்கோ அறிவை அடகு வைத்தவர்களை எமது ஊர்களிலும் காண்கிறோம். படத்துக்குக் குனியலாமா என்று கேட்கிற நாம் இதைப் பற்றி ஏன் கேட்பதில்லை? குனிதல் முதுகின் காரியம். பணிதல் அறிவின் காரியம். தவ்ஹீத் இரண்டையும் பார்க்கிறது.

அன்று அந்த ஆசிரியர் தம் மாணவர்களின் வணக்கத்துக்கு அவர்களைவிடச் சற்று அதிகமாகவே குனிந்து பதில் வணக்கம் செய்தார். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஈரத்துணிகளை எடுத்து, வரிசையாகக் குந்தித் தரையைத் துடைக்கத் தொடங்கினார்கள். அவரும் ஒரு துணியை எடுத்தார். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு துணியை எடுத்தேன். ஆசிரியரும் மாணவரும் விருந்தாளியும் ஒரே தரையில் கைகளையும் முழந்தாள்களையும் ஊன்றியிருந்தோம். எந்த வணக்கத்திலும் நான் அவ்வளவு தாழக் குனிந்ததில்லை. என் மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. சேவைக்காகக் குனிகிற முதுகை எந்த மார்க்கம் தடுக்கும்?

மூன்றாவது வணக்கமே இந்தக் கலையின் உயிர் என்று கருதுகிறேன். மோதப்போகும் இருவர் ஒருவரையொருவர் நோக்கிச் செய்யும் வணக்கம் அது. பயிற்சியில் எதிரில் நிற்பவர் தம் கழுத்தையும் மணிக்கட்டையும் விலா எலும்பையும் எனக்குக் கடனாகத் தருகிறார். நான் பழகிவிட்டு அவற்றைச் சேதமில்லாமல் திருப்பித் தர வேண்டும். எமது மொழியில் சொன்னால் அது அமானிதம். வணக்கம் அந்த அமானிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம். குனிந்து ஒப்பமிடுவது அவர்களின் வழக்கம். நெஞ்சில் கை வைத்து ஒப்பமிடுவது எமது அண்ணாவியாரின் வழக்கம்.

2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக், பெருந்தொற்றால் 2021இல் நடந்தது. ஆகஸ்ட் 7ஆம் திகதி கராத்தே 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப்போட்டியில் சவூதியின் தாரிக் ஹாமிதியும் ஈரானின் ஸஜ்ஜாத் கன்ஜ்ஸாதேயும் மோதினர். ஹாமிதி 4-1 என முன்னணியில் இருந்தார். அவருடைய உதையொன்று தலையில் பட்டு ஈரானியர் மயங்கி விழுந்தார். கட்டுப்பாடில்லாத தாக்குதல் என்று நடுவர்கள் ஹாமிதியைத் தகுதிநீக்கம் செய்தனர். விழுந்து கிடந்தவருக்குத் தங்கம். விழுத்தியவருக்கு வெள்ளி. தீர்ப்புச் சரியா என்று உலகம் விவாதித்தது. நான் பார்த்தது வேறு. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் பலசாலியல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்ற நபிமொழியை எமது சிறுவர்கள் குர்ஆன் மத்ரஸாவிலேயே மனனம் செய்கிறார்கள். ஹாமிதிக்குக் கோபம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீழ்த்துவது வேறு, அடக்குவது வேறு என்ற பாடத்தை யப்பானிய விதிமுறையொன்று இரண்டு முஸ்லிம் வீரர்களுக்கிடையே நடைமுறைப்படுத்திக் காட்டியது.

1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் எகிப்தின் முஹம்மத் ரஷ்வான் ஜூடோ இறுதிப்போட்டியில் யப்பானின் யசுஹிரோ யமஷிதாவைச் சந்தித்தார். யமஷிதாவின் வலது கெண்டைக்கால் முந்திய போட்டியில் காயம்பட்டிருந்தது. ரஷ்வான் தோற்றார். அந்தக் காயத்தைத் தமக்குச் சாதகமாக்க விரும்பவில்லை என்று அவர் பின்னர் சொன்னார். நியாயமான ஆட்டத்துக்கான பன்னாட்டுப் பாராட்டு அவருக்குக் கிடைத்தது. தங்கம் வென்ற பலரின் பெயரை மறந்துவிட்ட யப்பானியர் வெள்ளி வென்ற இவரின் பெயரை மறக்கவில்லை.

அதே எகிப்திலிருந்து 2016இல் ரியோவுக்குச் சென்ற ஜூடோ வீரர் இஸ்லாம் அல்ஷஹாபி, தம்மைத் தோற்கடித்த இஸ்ரேல் வீரருக்குக் கைகொடுக்க மறுத்தார். திருப்பி அழைக்கப்பட்ட பிறகு தலையைச் சற்று அசைத்துவிட்டுப் போனார். பலஸ்தீனத்தின் வேதனை எமது வேதனைதான். ஆனால் அந்த மறுப்பைப் பாயில் காலடி வைக்குமுன் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மோத மாட்டேன் என்று விலகியிருந்தால் அது ஓர் அரசியல் நிலைப்பாடு. அதற்குரிய விலையும் கௌரவமும் அதற்கு உண்டு. மோதிவிட்டால் எதிராளியின் உடம்பைக் கடனாகப் பெற்றாகிவிட்டது. தோற்ற பிறகு அந்தக் கடனை மறுக்க எமக்கு உரிமையில்லை. இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் பலர் இருப்பார்கள் என்பதை அறிவேன்.

இவையெல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் ஊருக்குத் திரும்பியதும் அந்த வாப்பாவுக்குப் பதில் சொன்னேன். அனுப்புங்கள். ஆனால் முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். எதைச் செய்வான், எதைச் செய்ய மாட்டான் என்பதை வாசலிலேயே ஆசிரியரிடம் பண்போடு சொல்லுங்கள். அவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். அது அவருடைய வீடு, மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர் சம்மதித்தால் அன்றிலிருந்து உங்கள் மகனுக்கு ஒரு கடன் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் குனிவதால் கொடுப்பதை அவன் வேறு வழியில் கொடுக்க வேண்டும். முந்திப் போகட்டும். செருப்பை ஒழுங்காக வைக்கட்டும். தரையைத் துடைப்பதில் முதல் ஆளாக நிற்கட்டும். எதிரில் நிற்பவனின் உடம்பை அமானிதமாகப் பார்க்கட்டும். 'எங்கட புள்ள அடிக்கப் பழகுறான்' என்ற பேச்சுக்குப் பதிலும் அதுதான். அடிக்காமல் இருக்கப் பழகுகிறான் என்பதை அவன் கூடப் பழகும் சிங்களப் பிள்ளைகளே தங்கள் வீடுகளில் போய்ச் சொல்வார்கள். நாம் மேடை போட்டுச் சொல்வதைவிட அது தூரம் போகும்.

விதிவிலக்குக் கேட்பதில் நாம் கெட்டிக்காரர்கள். அதற்கு ஈடாக எதைத் தருகிறோம் என்று கணக்குப் பார்ப்பது குறைவு. குனியாதவன் அகங்காரி என்று பிறர் நினைப்பதற்கு அந்தப் பாக்கியும் ஒரு காரணம். மறுபக்கமும் உண்டு. எமது பள்ளிவாசல்களைப் பார்க்க வரும் சகோதர இனத்தவரிடம் செருப்பைக் கழற்றச் சொல்கிறோம், தலையை மூடச் சொல்கிறோம். அவர்கள் செய்கிறார்கள். அதனால் அவர்கள் முஸ்லிம்களாகிவிடவில்லை. நாமும் அவர்களிடம் ஸுஜூது செய்யுங்கள் என்று கேட்பதில்லை. விருந்தாளியிடம் கேட்கத் தகுந்தது எது, தகாதது எது என்ற அளவுகோல் அங்கே எமது கையில் இருக்கிறது. அந்தக் கண்டி ஆசிரியர் கடைசி வரிசையில் ஒருவனுக்கு நிமிர்ந்து நிற்க இடம் கொடுத்தார். எமது வாசலுக்கு வருகிற ஒருவர், "இதை மட்டும் என்னால் செய்ய முடியாது" என்று பணிவாகச் சொன்னால், எமது கடைசி வரிசையில் அவருக்கு இடம் இருக்குமா?